இரண்டு ராஜிநாமா

எங்கள் பக்கத்தில் தாசில்தாருக்கு மனு எழுதுவது போலவே சுவாமிக்கும் மனு எழுதுவார்கள். விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கோயில் கொண்டிருக்கும் முருகனுக்குக் கொளஞ்சியப்பர் என்று திருநாமம். வேலும் மயிலுமாக அங்கே மூலவர் காட்சி தருவதில்லை. பலிபீடம் போன்ற ஒரு கல்தான் சுவாமி. கொளஞ்சிப் புதருக்குள் ஒரு பசு நாள்தோறும் அந்தக் கல்லின்மேல் பால் சொரிந்ததாகவும், அதைக் கண்டவர்கள் கோயில் எடுத்ததாகவும் ஐதீகம். இந்தச் சுவாமியிடம் குறையை வாயால் முறையிட்டுவிட்டு வந்தால் போதாது. வெள்ளைக் காகிதத்தில், இன்ன ஊர், இன்னார், இன்ன குறை என்று விவரமாக எழுத வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. மனுதாரரின் ஊர் எவ்வளவு தூரமோ அதற்குத் தக்க படிப்பணமும் உண்டு. விசாரணைக்குச் சுவாமி நம் ஊர்வரை வந்து போக வேண்டாமா? குருக்கள் மனுவைச் சந்நிதியில் வைத்து அர்ச்சித்து, விபூதியோடு மடித்துக் கொடுப்பார். அதை முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வரவேண்டும். இதற்குப் 'பிராது கட்டுதல்' என்று பெயர். மூன்று நாளிலோ, மூன்று வாரத்திலோ, மிஞ்சினால் மூன்று மாதத்திலோ தீர்ப்பாகிவிடும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. எந்த முன்சீப் கோர்ட்டில் இத்தனை துரிதம் உண்டு?

களவு போன நகை, திரும்பாத கடன், பங்காளிச் சண்டை, வீடு தங்காத புருஷன், தீராத நோய் எல்லாம் அந்தக் காகிதங்களில் ஏறிவிடும். ஆனால் விஷயம் அதோடு முடிவதில்லை. குறை தீர்ந்ததும் பிராது கட்டியவர் மறுபடி கோயிலுக்கு வந்து, கட்டிய பிராதை விலக்கிக்கொள்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு 'ராஜிநாமா' என்று பெயர். இந்தக் காலத்தில் ராஜிநாமா என்றால் மந்திரிகள் பதவியை விடுவதுதான் ஞாபகத்துக்கு வரும். உண்மையில் பிராது, ராஜிநாமா என்ற இரண்டு வார்த்தைகளும் பாரசீகத்திலிருந்து பழைய கச்சேரிகள் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தவை. 'ராஜி' என்றால் சம்மதம்; 'நாமா' என்றால் பத்திரம். வாதியும் பிரதிவாதியும் சமாதானமாகிப் போனோம் என்று எழுதிக் கொடுக்கும் சம்மதப் பத்திரமே ராஜிநாமா. அந்தப் பழைய அர்த்தம் கொளஞ்சியப்பர் கோயிலில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பக்தியில் பாதி பிராது, பாதி ராஜிநாமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. முதல் பாதியை நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கடவுளிடம் குறை சொல்லத் தமிழ்நாட்டில் யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. இதே விருத்தாசலத்தில், அதாவது திருமுதுகுன்றத்தில், சுந்தரமூர்த்தி நாயனார் 12,000 பொன் பெற்ற கதையை எல்லோரும் அறிவார்கள். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளும்படி அவருக்கு உத்தரவாயிற்று. ஆரூர் போய்க் குளத்தில் இறங்கித் துழாவினால் பொன் உடனே கையில் தட்டுப்படவில்லை. கூட நிற்பவரோ பரவையார். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிற புருஷனைப் பார்த்து எந்தப் பெண்தான் சிரிக்காமல் இருப்பாள்? நாயனார் பதிகம் பாடினார், பொன் வந்தது. உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருந்தது. அதற்கும் பாடினார். வீட்டுச் செலவுக்காகச் சுவாமியை இத்தனை தூரம் நெருக்கிய மனிதரிடம் எனக்குத் தனியாக ஒரு மரியாதை. மாசக் கடைசி என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது பாதிதான் கடினம். வேண்டியது கிடைத்தபின் பஸ் ஏறிப் போய், 'கிடைத்தது' என்று எழுதிக் கொடுக்க நமக்கு ஒழிவதில்லை. கோயிலில் மட்டுமா? வீடுகளிலும் அப்படித்தான். பத்து வருஷத்துக்கு முன்பு கட்டிய பிராதுகள் அடுப்படியிலும் கூடத்திலும் தொங்கிக்கொண்டே இருக்கின்றன. குறை எப்போதோ தீர்ந்திருக்கும். ராஜிநாமா போட ஆள் இராது.

நாங்கள் இருப்பது திட்டக்குடி, வெள்ளாற்றங்கரை ஊர். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஊர்ச் சுவாமிக்கு வைத்தியநாதர் என்றும், அம்பாளுக்கு அசனாம்பிகை என்றும் பெயர். அசனம் என்றால் உணவு. "சாப்பாட்டுக்கு அம்பாள், வைத்தியத்துக்குச் சுவாமி. குடித்தனக்காரனுக்கு இதுக்குமேல் என்ன வேணும்?" என்று என் மாமியார் சொல்வார். வைத்தியம் தேவைப்படாத காலத்தில் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது.

என் கணவருக்கு விருத்தாசலத்தில் செராமிக் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் வேலை. தினந்தோறும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வருகிறார். அந்த வேலையைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. வெள்ளைக் களிமண்ணையும் மற்றக் கற்பொடிகளையும் தண்ணீரில் கரைத்து, மோர்க்குழம்பு பதத்தில் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரைக் குடித்துவிடும். மண் அச்சின் உட்சுவரோடு தோல்போலப் படியும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுச் சற்றுக் காயவிட்டால் உள்ளே வெற்றிடமுள்ள பொம்மை வெளியே வரும். பிறகு காய வைப்பது, பிசிறு வழிப்பது, சூளையில் சுடுவது, வர்ணம் தீட்டுவது என்று பல படிகள். புரட்டாசிக்கு முன்னால் கொலுப் பொம்மை, மார்கழிக்கு முன்னால் குழந்தை ஏசுவும் இடையர்களும் ஆட்டுக்குட்டியும். சூளையில் விரிசல் விட்டுப் போவது எத்தனை என்பது திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. வருமானமும் அந்த மாதிரியேதான். பெண் பன்னிரண்டாம் வகுப்பிலும் பையன் எட்டாம் வகுப்பிலும் இருந்த வருஷத்தில்தான் நான் சொல்லவந்த சங்கதி நடந்தது.

2023-ஆம் வருஷம் ஆடி மாதம் ஒரு விடியற்காலை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மாமியார் கையிலிருந்து மாவுக் கிண்ணம் விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, பேச்சுக் குழறிற்று. வலது கை துணிபோலத் துவண்டு தொங்கியது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது பக்கவாதம் அக்கா, தண்ணிகூடக் குடுக்காதீங்க" என்று சொல்லி, அவரே 108-க்குப் போன் செய்தார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால், நாலரை மணி நேரத்துக்குள் அடைப்பைக் கரைக்கும் மருந்தை ஏற்றியாக வேண்டுமாம். அந்தக் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். உயிர் தங்கியது. நாலைந்து நாளில் பேச்சும் திரும்பியது. கை மட்டும் திரும்பவில்லை.

வீடு திரும்பிய பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பமாயிற்று. குளிப்பாட்ட வேண்டும், புடைவை மாற்ற வேண்டும், இரவில் இரண்டு தடவை எழுப்பி அழைத்துப் போக வேண்டும். என் கணவர் வராத நாளுக்குக் கூலி இல்லை. என் வளையல் இரண்டும் பாங்குக்குப் போயின. பெண்ணின் டியூஷன் நின்றது. அது பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது இன்னும் கஷ்டமாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "உயிர் பிழைத்தாரே, அதற்குச் சுவாமிக்கு நன்றி சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அந்த நாட்களில் சுவாமியை நினைத்துக் கண்ணை மூடினால் எனக்கு நன்றி வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

எல்லாவற்றிலும் சோறு ஊட்டுவதுதான் பெரும்பாடு. ஐம்பது வருஷமாகப் பிறருக்குப் பரிமாறிய கை அது. என் கையிலிருந்து ஒரு கவளம் வாங்குவது அவருக்கு எத்தனை கூச்சமாக இருந்திருக்கும் என்பது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறப்பதிலேயே தெரிந்தது. மூன்றாம் கவளத்தில், "போதும்" என்பார். பசி போதவில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, காகிதமும் பேனாவும் எடுத்து வரச் சொன்னார். கொளஞ்சியப்பருக்குப் பிராது. நான் பெரிதாக எழுத ஆயத்தமானேன். கை, கால், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாவற்றையும் சேர்த்துவிடலாம் என்று எனக்கு ஆசை. "அதெல்லாம் வேண்டாம். என் கையால் சோறு பிசைந்து நானே சாப்பிடணும். அவ்வளவுதான் எழுது" என்றார். ஒன்றரை வரியில் பிராது முடிந்துவிட்டது. மறுநாள் என் கணவர் வேலைக்குப் போகிற வழியில் அதைக் கட்டிவிட்டு வந்தார்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர்ப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருந்தாள். அமுக்குவதற்குள் பந்து கட்டிலுக்கடியில் ஓடிவிடும். அதை எடுத்து எடுத்துப் பையன் சலித்துப்போனான். இதைக் கவனித்த என் கணவர் பட்டறையிலிருந்து ஒரு உருண்டை மண்ணை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தார். மண் ஓடாது அல்லவா? உள்ளங்கையில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். அமுக்கினது அமுக்கினபடி தெரியும். முதல் பத்து நாள் மண்ணில் ஒரு பள்ளம்கூட விழவில்லை. பிறகு கட்டைவிரல் பதிந்தது. பிறகு மற்ற விரல்கள். பிள்ளையார் என்று அவர் சொன்னதைப் பையன் கொழுக்கட்டை என்பான். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் நடக்கும். வீட்டில் பல வாரங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்புச் சத்தம் அந்த வாக்குவாதத்தில்தான். உலர்ந்துபோன உருண்டையை என் கணவர் மறுபடி நனைத்துப் பிசைந்து பதமாக்கி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார். பகலெல்லாம் மண்ணில் நின்றுவிட்டு வருகிற மனிதர், வீட்டிலும் மண் பிசைந்தார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், தட்டில் ரசம் சாதத்தைப் போட்டு நான் பிசையப் போனேன். "இரு" என்றார். கையை மெல்லத் தூக்கித் தட்டில் வைத்தார். பிசைந்தார் என்று சொல்ல முடியாது, அளைந்தார். பாதி வாய்க்குப் போயிற்று, பாதி மடியில் விழுந்தது. அன்று அவர் முழுத் தட்டையும் காலி செய்தார். நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எட்டு நிமிஷத்தில் ஊட்டி முடிக்கிற சாதம் முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் எனக்கு வேறு வேலை இருப்பதாகவே தோன்றவில்லை.

மறுநாளே ராஜிநாமாவுக்குப் போகவேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். என் கணவர் சம்மதிக்கவில்லை. "விரல் இன்னும் நிமிரவில்லை. கோலப்பொடியைப் பிடிக்க முடியவில்லை. ரவிக்கைக் கொக்கி போட முடியவில்லை. பாதிதானே தீர்ந்திருக்கிறது? முழுக்கத் தீரட்டும்" என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் கேட்டது சோறு பிசைய ஒரு கை. வந்துடுச்சு. கோலம் போட நான் கேட்கவே இல்லையே. கேட்காததைக் கொடுக்கவில்லை என்று பாக்கி வைக்கலாமா?"

அன்று இரவு விளக்கை அணைக்கப் போனபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரெண்டு ராஜிநாமா போடணும்" என்றார்.

"இரண்டாவது எதற்கு, அத்தை?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். 2011-ஆம் வருஷம் ஆனி மாதத்தில் நாங்கள் விருத்தாசலத்துக்குத் தனிக்குடித்தனம் போனோம். பஸ் செலவும் அலைச்சலும் மிச்சம் என்பது எங்கள் எண்ணம். மகனை நான் பிரித்துக்கொண்டு போய்விட்டதாக அவர் எண்ணம். வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் தனியாகப் பஸ் ஏறி மணவாளநல்லூருக்குப் போய், என்மேல் பிராது கட்டிவிட்டு வந்திருக்கிறார்.

அதே மார்கழியில், டிசம்பர் 30-ஆம் தேதி, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. இந்த ஜில்லாவில் அந்த விடியற்காலையை யாரும் மறக்கமாட்டார்கள். பண்ருட்டிப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே நாளில் சாய்ந்தன. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் ஓடுகள் பறந்தன. பட்டறையின் தகரக் கூரையும் போயிற்று. தைப் பொங்கலுக்குப் பிறகு சட்டி பானைகளோடு திட்டக்குடிக்கே திரும்பி வந்துவிட்டோம். பிராது கட்டி மூன்று மாதம் ஆகவில்லை. மாமியார் என்ன நினைத்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

"நான் கேட்டதுக்காக ஊரையே சாய்ச்சுட்டாரேன்னு பயந்துபோனேன். ராஜிநாமா போடப் போனா உனக்குத் தெரிஞ்சுடும். பன்னெண்டு வருஷமாப் போகல்லே. அந்தப் பிராதை இந்தக் கையாலேதான் எழுதினேன்" என்றார். சொல்லிவிட்டு மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார்.

இத்தனை நாளும் அவர் மனத்தில் இருந்த பாரம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நோயைவிட அந்த எண்ணம்தான் அவரை அதிகமாக வாட்டியிருக்கிறது. நான் சாமி கும்பிடுகிறவள்தான்; ஆயினும் இந்தத் தத்துவத்தை ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது. ஒரு மாமியாருடைய மனக்குறைக்காக ஜில்லா முழுவதும் முந்திரித் தோப்பைச் சாய்க்கிற சுவாமியா கொளஞ்சியப்பர்? பிராது எழுதுகிற கைகளை எல்லாம் முடக்குவதென்றால் எங்கள் தாலுகாவில் பாதிப்பேர் இடது கையால்தான் சாப்பிட வேண்டியிருக்கும். "டாக்டர் ரத்தக் கொதிப்பு என்றுதானே சொன்னார்? ஊறுகாய் ஜாடியின்மேல் வேண்டுமானால் ஒரு பிராது கட்டலாம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அன்றிரவு ஒரு தடவைகூட எழுப்பவில்லை.

கோபம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. காலையில் பாத்திரம் துலக்கும்போது நன்றாகவே வந்தது. பன்னிரண்டு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறோம். என் பெயர் எழுதிய காகிதம் அங்கே முனியப்பரிடம் இருந்திருக்கிறது! ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் என் இரண்டாவது பிரசவத்துக்குப் பத்தியம் வடித்துப் போட்டதும் அந்தக் கைதான். வெந்நீர் வைத்தது, குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவுகளில் தொட்டிலை ஆட்டியது, தன் பங்கு மீன் துண்டை என் தட்டுக்குத் தள்ளியது எல்லாம் அதே வலது கை. எதிர்க்கட்சியாரின் செலவுக் கணக்கை இப்படி நானே சரிபார்த்துக்கொண்டிருந்ததில் பாத்திரங்கள் துலக்கி முடிந்துவிட்டன.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை நானும் அவரும் புறப்பட்டோம். விருத்தாசலம் போகிற வழியில் பெண்ணாடம் வருகிறது. கலிக்கம்ப நாயனார் இருந்த ஊர். அடியார்களின் பாதம் விளக்கி அமுது படைப்பது அவர் நியமம். ஒரு நாள் வந்தவர்களில் முன்பு அந்த வீட்டிலேயே ஏவல் செய்துவிட்டுப் போன ஒருவரும் இருந்தார். கரக நீர் வார்க்க வேண்டிய மனைவி ஆளை அடையாளம் கண்டுகொண்டு ஒரு கணம் தாமதித்தாள். நாயனார் அவள் கையைத் தறித்துவிட்டுத் தாமே நீர் வார்த்தார் என்கிறது புராணம். எத்தனை முறை கேட்டாலும் என் மனம் நாயனாரிடம் போவதில்லை. அந்த அம்மாளிடம்தான் போகிறது. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தவள் ஒரு கணம் நின்றாள், அவ்வளவுதானே? ஆனால் ஊர் ஜனங்கள் செய்ததைப் பாருங்கள். பெண்ணாடத்து ஈசனுக்குக் கைவழங்கீசர் என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. அந்த அம்மாளுக்கு இழந்த கையைத் திரும்ப வழங்கினாராம். வெட்டியதை நாயனார் கணக்கில் விட்டுவிட்டு, கொடுத்ததைச் சுவாமியின் பெயராக்கிக்கொண்டார்கள்! பஸ் பெண்ணாடத்தில் நின்றபோது மாமியார் இடது கையால் வலது கையைத் தூக்கிச் சேர்த்துக் கும்பிட்டார். எந்தக் கதையை நினைத்தாரோ, நான் கேட்கவில்லை.

மணவாளநல்லூரில் முதல் ராஜிநாமாவை எழுதுவது சுலபமாக முடிந்தது. இரண்டாவதையும் நான்தான் எழுத வேண்டியிருந்தது. அவருக்குப் பேனா பிடிக்க வராதே. என்மேல் இருந்த வழக்கை என் கையாலேயே விலக்கி எழுதுகிற பாக்கியம் எத்தனை மருமகள்களுக்குக் கிடைக்கும்? ஊர், பெயர், வருஷம் எல்லாம் எழுதிவிட்டு, "காரணம் என்ன எழுதட்டும், அத்தை?" என்று கேட்டேன்.

"'மகன் வந்துட்டான்'னு எழுது" என்றார். எழுதினேன். எட்டிப் பார்த்தார். "'மகனும் மருமகளும்'னு போடு" என்றார். அடித்துத் திருத்தினால் செல்லுமோ என்று சந்தேகமாக இருந்ததால், வேறு காகிதம் வாங்கி மறுபடி முதலிலிருந்து எழுதினேன்.

கையெழுத்தை மட்டும் தாமே போடுவதாகப் பிடிவாதம் பிடித்தார். மண் உருண்டையைப் பிடிக்கிற மாதிரி பேனாவை முழுக் கையாலும் பற்றிக்கொண்டு, ஒரு கோடும் ஒரு சுழியும் இழுத்தார். அதைப் படித்து அவர் பெயர் என்று கண்டுபிடிக்கக் கொளஞ்சியப்பரால்தான் முடியும். பணம் கட்டுகிற இடத்தில் இரண்டுக்கும் தனித்தனி ரசீது என்றார்கள். "ஒரே வீடு, ஒரே சுவாமி, எதுக்குப்பா ரெண்டு ரசீது?" என்று அவர் வாதாட ஆரம்பித்தார். குமாஸ்தா சிரித்துக்கொண்டே இரண்டையும் கிழித்துக் கொடுத்தார். மீதிச் சில்லறையை மாமியார் வலது கையை நீட்டி வாங்கினார். ஒரு நாணயம் விரலிடுக்கில் நழுவிக் கீழே உருண்டது. நான் எடுக்கக் குனிந்தேன்.

"நீ விடு, நான் எடுக்கிறேன்" என்றார்.